டர்போவைக் கழற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்

வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், "டர்போ போயிடுச்சு" என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் பரவிக் கிடக்கிறது. நாமக்கல் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்ஷாப் வைத்திருக்கும் எனக்கு இது பொறுக்கவில்லை. டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு டர்போ மாற்றும் செலவு என்பது பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். அதைச் சொல்லுமுன் காற்றுக் கசிவு உண்டா என்று சோதித்தாக வேண்டும். சோதிக்கும் கருவியைச் சில நூறு ரூபாயில் நாமே செய்துகொள்ளலாம்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையில் டர்போ சுற்றுகிறது. சுற்றி, காற்றை அழுத்தி அனுப்புகிறது. அந்தக் காற்று ரப்பர் ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், குளிர்ந்து, எஞ்சினுக்கு வருகிறது. நடுவில் ஹோஸ் கிழிந்தாலோ கிளிப் தளர்ந்தாலோ காற்று வெளியே போய்விடும். பல வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே, ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே அளந்த அளவுக்கு டீசல் போகிறது, ஆனால் காற்று முழுசாக வந்து சேருவதில்லை. கரும்புகை அதனால்தான். குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போவும் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள் அது. கிழிந்த ஹோஸை அப்படியே விட்டுப் புது டர்போ மாட்டினால், புதுசும் அதே பாடுதான் படும்.

ஒரு டிரைவர் வந்தார். "அண்ணே, டர்போ மாத்தணும்னு வேற இடத்துல சொல்லிட்டாங்க, நீங்களும் ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க" என்றார். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தம். காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தபோதுதான் இன்டர்கூலருக்குக் கீழே போகும் ஹோஸின் அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டி, நுரை பொங்கியது. ஒரு விரல்நகம் நீளக் கீறல். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் சேர்ந்து அதை மூடியிருந்தன. ஹோஸ் உப்பும்போது மட்டும் வாய் திறக்கிறது. எஞ்சினை அணைத்தால் ஒட்டிக்கொள்கிறது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஹோஸை மாற்றினோம், அதே டர்போவில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

கருவிக்கு வருகிறேன். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றினால் டர்போவின் வாய் தெரியும். அதன் அளவுக்கு, 50 அல்லது 63 மில்லிமீட்டரில், ஒரு பிவிசி எண்டு கேப். அதன் நடுவில் 11.5 மில்லிமீட்டர் துளை போட்டு, பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வை உள்ளிருந்து இழுத்து மாட்டுங்கள். கேப்பையும் டர்போவின் வாயையும் சேர்க்க ஒரு துண்டு ரப்பர் ஹோஸ், இரண்டு கிளிப். வேலை முடிந்தது. ஆனால் பிவிசி அழுத்தக் காற்றுக்கென்று செய்த பொருள் அல்ல. உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். லேத்தில் அலுமினியத்தில் கடைந்துகொள்வதே மேல். நான் வைத்திருப்பது அதுதான். எங்கள் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

சோதிக்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி அணைந்திருக்க வேண்டும். எஞ்சின் பிரீதர் குழாய் சேரும் இடத்தை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் காற்று கிராங்க் கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். கம்ப்ரசரில் ரெகுலேட்டர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. 5 பிஎஸ்ஐயில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள், 15-ஐத் தாண்ட வேண்டாம். டயருக்கு அடிக்கிற 30-ஐ இதற்கு அடிப்பது ஆபத்து. 63 மில்லிமீட்டர் கேப்பின் மேல் 15 பிஎஸ்ஐ என்றால் 30 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை. கிளிப் வழுகினால் கேப் பறந்து வரும், அதற்கு நேரே முகத்தை நீட்டாதீர்கள். சைலன்சர் வழியாகவோ ஆயில் கேப் வழியாகவோ கொஞ்சம் காற்று வருவது இயல்பு, அதைக் கசிவென்று நினைத்துவிட வேண்டாம்.

முன்பு டர்போ என்றால் டீசல் வண்டி. இப்போது 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சினிலும் டர்போ வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பையன்கள் ஐடிஐ முடித்து ஸ்கேனரோடு வேலைக்கு வருகிறார்கள். அழுத்தம் குறைவு என்று ஸ்கேனர் சொல்லும், எந்த ஹோஸில் என்று சொல்லாது. இந்தக் கருவியை ஒவ்வொரு ஐடிஐ மாணவரும் தன் கையால் ஒன்று செய்துவிட்டு வெளியே வரட்டும்.

மெக்கானிக்குகளுக்கும் ஒன்று சொல்வேன்: இந்தச் சோதனைக்குத் தனியாகக் கூலி வாங்குங்கள், அது உழைப்புக்கான காசு. வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிறுத்தி நுரையைக் காட்டுங்கள். வண்டிக்காரர்களும் டர்போ மாற்றச் சம்மதிக்கும் முன், "காற்று ஏத்திப் பாத்தீங்களா?" என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.