முதுகு காட்டி அமர்ந்த நந்தி

சிவாலயங்களில் நந்தியெம்பெருமான் இறைவனின் திருமுகத்தை நோக்கியே அமர்ந்திருப்பார். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள வடதிருமுல்லைவாயிலிலோ, மாசிலாமணீஸ்வரருக்கு முதுகைக் காட்டிக் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். முதன்முறை வரும் அன்பர்கள் திகைப்பதுண்டு.

காரணத்தைத் தலபுராணம் கூறுகிறது. புழலில் கோட்டை அமைத்திருந்த குறும்பர்களை வெல்ல இயலாது தொண்டைமான் திரும்பினான். வழியில் யானையின் கால்களை முல்லைக்கொடிகள் சுற்றிக்கொண்டன. வாளால் வெட்டியபோது குருதி பெருகிற்று. கொடிகளுக்குள் சிவலிங்கம்! சிவாபராதம் செய்துவிட்டோமே என்று பதறிய மன்னன், தன் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தான். இறைவன் தோன்றித் தடுத்து, நந்தியைத் துணையாக அனுப்பிப் போரில் வெற்றியும் அருளினார். அன்று புறப்பட எழுந்த கோலத்திலேயே நந்தி இன்றும் வெளிப்புறம் நோக்கிக் காவல் இருக்கிறார்.

அந்தப் புழலில் இன்று கோட்டை இல்லை. ஏரியும் சிறைச்சாலையும் உள்ளன. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் 1837 முதல் இயங்கிய பழைய மத்தியச் சிறை, 2006-ஆம் ஆண்டு இங்கு மாறிற்று. தண்டனை பெற்றோருக்கும், விசாரணையில் உள்ளோருக்கும், மகளிருக்கும் தனித்தனிச் சிறைகள் உள்ளன.

அம்பத்தூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் தேர்வெழுதி, பயிற்சி முடித்துச் சிறைக் காவலராகப் பணியில் சேர்ந்தார். முதல் மார்கழியிலேயே இரவுப் பாரா வாய்த்தது. தாயாருக்குத் தாளவில்லை. "ஊரே விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறது. என் பிள்ளை மட்டும் ஜெயிலில் நிற்கிறானே" என்று புலம்பினார். பாட்டனார் மட்டும் பேரனிடம் ஒன்று சொன்னார்: "நம்ம கோயில் நந்தியைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அவரும் சுவாமியைப் பார்க்காமல்தான் அமர்ந்திருக்கிறார். சுவாமி இட்ட வேலையைப் பார்க்கிறார். போய் வாப்பா."

இரவுப் பாரா என்பது பெரும்பாலும் பார்ப்பதும் கேட்பதுமே. மாலையில் அனைவரையும் எண்ணி அறைகளில் அடைப்பார்கள். காலையில் திறக்கும்போது அதே எண்ணிக்கை வரவேண்டும். இடைப்பட்ட நேரம் காவலரின் பொறுப்பு. இருமல், குறட்டை, உறக்கத்தில் பிதற்றல் ஆகியவற்றின் நடுவே, வழக்கத்துக்கு மாறான அமைதி எது என்று அறியவும் காது பழக வேண்டும். மூத்த காவலர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "புதிதாக வந்தவனைக் கவனி. முதல் சில இரவுகள்தாம் கொடியவை."

ஒரு நாள் நள்ளிரவு கடந்து இரண்டு மணி. அன்று மாலைதான் வந்த ஓர் இளைஞன், இரவு உணவைத் தொடாமல் சுவரை நோக்கி உட்கார்ந்திருந்தான். முந்தைய சுற்றில் விசும்பல் கேட்டது. இப்போது அதுவும் இல்லை. கடந்து சென்ற காவலரின் கால்கள் நின்றன. சக காவலர் மூலம் மேலதிகாரிக்குச் சொல்லியனுப்பினார். தாமாக அறையைத் திறக்க அவருக்கு அதிகாரமில்லை. கம்பிகளுக்கு இப்பால் நின்று பேச மட்டுமே முடியும்.

"தூக்கம் வரவில்லையா தம்பி?"

பதில் இல்லை. அவர் நகரவும் இல்லை. நெடுநேரம் கழித்துக் குரல் வந்தது: "எங்க அம்மா முகத்தில் இனி எப்படி சார் விழிப்பேன்? விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது."

காவலருக்கு உடல் நடுங்கிற்று. ஆயினும் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அம்மா உன்னைப் பார்க்க வருவார்கள் தம்பி. நீ இருந்தால்தானே அவர்கள் பார்க்க முடியும்?"

அவன் வாய்விட்டு அழுதான். அழட்டும் என்று அவர் அங்கேயே நின்றார். அதிகாரி வந்தார், மருத்துவ உதவிக்கு ஏற்பாடாயிற்று. அவனைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். காலையில் எண்ணிக்கை எடுத்தபோது ஓர் எண்கூடக் குறையவில்லை.

அவன் குற்றம் செய்தானா என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. நம் நாட்டின் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நால்வரில் மூவர் இன்னும் தீர்ப்புக் கிடைக்காத விசாரணைக் கைதிகளே என்று 2022-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. குற்றம் உறுதியானாலும் தண்டனையோடு கருணை முடிந்துவிடுவதில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை மீறிய சுந்தரர் பார்வையை இழந்தார். அந்நிலையில் அவர் வந்து, தம் துயர் களையுமாறு இறைஞ்சிப் பதிகம் பாடிய தலமும் இதே திருமுல்லைவாயிலே. தண்டித்த இறைவன் அவரைக் கைவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் தந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறு கண்ணும் தந்தார். ஊன்றுகோல் கிடைக்கும் வரை விழாமல் இருப்பதற்கும் ஒரு துணை வேண்டும். அன்றிரவு அந்த இளைஞனுக்குத் துணையாகக் கம்பிகளுக்கு இப்பால் நின்றவர் ஒரு சிறைக் காவலர்.

பணி முடிந்து வீடு திரும்பியவர், யாருடைய பெயரையும் கூறாமல் நடந்ததை மட்டும் தாயாரிடம் சொன்னார். தாயார் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை திருமுல்லைவாயிலுக்குச் சென்று இரண்டு அர்ச்சனைச் சீட்டுகள் வாங்கினார். முதல் அர்ச்சனைக்கு மகனின் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். இரண்டாவது யாருக்கு என்று குருக்கள் கேட்டபோது, ஒரு கணம் நின்று, "சுவாமி பெயருக்கே செய்துவிடுங்கள்" என்றார்.

மார்கழி விடியலில் திருக்கோயிலில் நிற்கும் அன்பர்கள், அந்நேரம் சிறையிலும் மருத்துவமனையிலும் எல்லையிலும் கண்விழித்து நிற்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களின் காவலில் இருப்போருக்காகவும் ஒரு கணம் வேண்டிக்கொள்ளலாம். சந்நிதிக்கு முதுகு காட்டி நிற்பவர்களையும் சுவாமி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.