தோளில் ஒரு நாடா!

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். நன்றாகத் தைப்பார். அவர் தைத்த ரவிக்கை அளவு தப்பாது. தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் தையற்காரர்.

சென்ற ஆண்டு அவர் திருப்பூருக்குப் போனார். திரும்பும்போது 3 கிலோ பனியன் துணி வாங்கி வந்தார். (ஆம், கிலோதான்! பனியன் துணியை அங்கே எடை போட்டு விற்கிறார்கள்.) அந்தத் துணியில் தெருக் குழந்தைகளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்தார். மொத்தம் 11 கவுன்கள். பார்க்க அழகாக இருந்தன.

மூன்று தடவைதான் துவைத்தார்கள். தோள் நீண்டது. கழுத்து அகன்றது. அரைக்கை முழங்கையைத் தாண்டியது! பெரியவர்களின் உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டதுபோல் குழந்தைகள் நின்றார்கள். இரண்டு வீட்டில் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அக்கா பேசாமல் கொடுத்துவிட்டார்.

"இந்தத் துணி நமக்கு ஒத்து வராது, தம்பி. பனியன் கம்பெனி மெஷினுக்குத்தான் சரிப்படும்" என்று என்னிடம் சொன்னார்.

இப்படிச் சொல்லுகிற தாய்மார்கள் பலர். அது தவறு என்பது என் கருத்து. துணியின் மேல் குற்றம் இல்லை. மெஷின் மேலும் இல்லை. வைக்க வேண்டிய இடத்தில் ஒரு நாடாவை வைக்கவில்லை. அவ்வளவுதான்.

வளையம் விரிகிறது

ஒரு வேட்டியை எடுத்துப் பாருங்கள். பாவு நூல் நெடுக்கே ஓடுகிறது. ஊடு நூல் குறுக்கே ஓடுகிறது. நேராக இழுத்தால் அசைந்து கொடுக்காது.

பனியன் துணி அப்படி அல்ல. அது நெய்த துணி இல்லை, பின்னிய துணி. நூல் வளையம் வளையமாக வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு போகிறது. இழுத்தால் வளையம் விரியும். நெடுக்கே இழுத்தால் கொஞ்சம் நீளும். குறுக்கே இழுத்தால் அதிகம் நீளும்.

இப்போது சட்டையின் தோளை நினைத்துப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் அந்தத் தையல், துணியின் குறுக்கே அல்லவா போகிறது? அதிகம் நீளுகிற திசை அதுதான். சட்டை முழுவதும் தொங்குவதும் அந்த இடத்தில்தான். துவைத்துக் கொடியில் போட்டால், தண்ணீரின் கனமும் சேர்ந்துகொள்ளும். தோள் நீளாமல் என்ன செய்யும்?

கம்பெனிச் சட்டை மட்டும் ஏன் நீளுவதில்லை? அன்று மாலை என் டீ-சர்ட்டைக் கழற்றி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இந்தத் தோளிலிருந்து கழுத்து வழியாக அந்தத் தோள் வரை ஒரு பட்டை நாடா ஓடியது. இன்னொரு சட்டையில் கண்ணாடி போன்ற மெல்லிய ரப்பர் நாடா இருந்தது. பல நாள் போட்டுக் கழற்றிய சட்டைகள்தான். நான் ஒருநாளும் கவனித்ததில்லை! நீங்களும் உங்கள் வீட்டுச் சட்டையைத் திருப்பிப் பாருங்கள். எல்லாச் சட்டையிலும் இருக்காது. பலவற்றில் இருக்கும்.

பழைய வேட்டி போதும்

இதற்கென்று கடைக்குப் போக வேண்டாம். பழைய வேட்டி ஒன்று போதும். அதன் வெள்ளை ஓரத்தில், நெடுக்கே கால் அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். நெய்த துணியின் ஓரம் நீளாது. பல தடவை துவைத்த வேட்டி என்பதால், இனிமேல் சுருங்கவும் சுருங்காது. புது நாடா வாங்கினால், முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் நாடா சுருங்கித் தோளும் சுருங்கிவிடும். பனியன் துணியையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிட வேண்டும்.

நாடாவை எந்த அளவுக்கு வெட்டுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துணியின் மேல் வைத்து அளக்காதீர்கள். துணி கையிலேயே நீண்டிருக்கும். காகித அளவின் மேல் வைத்து அளந்து வெட்டுங்கள். பிறகு பின்பக்கத் துணியின் மேல், தையல் விழும் கோட்டில் நாடாவை வைத்து, முன்பக்கத்தையும் சேர்த்து ஒரே தையலாகப் போடுங்கள். துணி நாடாவைவிட நீளமாகத் தெரிந்தால், துணியைத்தான் நாடாவுக்குள் அடக்க வேண்டும். நாடாவை இழுக்கவே கூடாது.

சாதாரண ஊசி வேண்டாம். கூர் முனை வளையத்தை அறுத்துவிடும். அறுந்த இடத்தில் ஓட்டை விழுந்து, கோடாக ஓடும். முனை உருண்ட ஊசி கடையில் கிடைக்கிறது. 'பால் பாயிண்ட்' ஊசி என்று கேளுங்கள். அது வளையத்தை விலக்கிக்கொண்டு இறங்கும்.

துணி பல்லில் சிக்கினால், அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். வெள்ளைக் காகிதமாக இருக்கட்டும். இந்தப் பத்திரிகையை வைக்காதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும்!

நாடா நல்லது என்று எல்லா இடத்திலும் வைத்துவிடக் கூடாது. கழுத்தைச் சுற்றி முழுவதும் வைத்தால் தலை நுழையாது. அக்குளிலும் பக்கத் தையலிலும் வைத்தால் குழந்தை கையைத் தூக்கும்போது பிடிக்கும். அந்த இடங்களில் தையலும் துணியோடு நீள வேண்டும். 'ஜிக்ஜாக்' தையல் உள்ள மெஷினானால் அதைச் சிறிதாக வைத்துப் போடுங்கள். நேர்த் தையல் மெஷினானால், பாலியெஸ்டர் நூல் போட்டு, துணியை லேசாக விறைத்துப் பிடித்துத் தையுங்கள்.

வகுப்பில் ஏன் இல்லை?

"கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்பார்கள். ஆண்களின் வெள்ளைப் பனியனுக்கு அது சரி. அதை வீட்டில் தைப்பது வீண் வேலை என்று நானே சொல்லுவேன். ஆனால் கடை அளவு எல்லா உடம்புக்கும் பொருந்துகிறதா? பருத்த உடம்புக்காரர்களைக் கேளுங்கள். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு முன்புறம் திறக்கும் சட்டை எத்தனை கடையில் கிடைக்கிறது? இவையெல்லாம் வீட்டில் தைக்கிற பெண்களுக்கு வருமானம் தரக்கூடிய வேலைகள்.

இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் திருப்பூர் சரக்கு. அதே தமிழ்நாட்டில், அக்கா படித்த தையல் வகுப்பில் ரவிக்கை, பாவாடை, சுடிதார் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பனியன் துணியைத் தொடவே இல்லை! அரசு இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கிறது. மெஷின் வாங்கும் பெண்ணுக்கு இந்தத் துணியையும் தைக்கச் சொல்லிக் கொடுத்தால் என்ன? ஒரு வாரப் பாடம்கூட ஆகாது.

அக்காவுக்கு ஒரே மாலைதான் ஆயிற்று. திருப்பித் தந்த 2 கவுன்களை எடுத்தார். தோள் தையலைப் பிரித்தார். மாமாவின் பழைய வேட்டி ஓரத்தை வைத்து, நீண்டிருந்த துணியை அதற்குள் அடக்கித் தைத்தார். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், வைத்து வைத்து எடுத்தார். ஒரு கவுன் நன்றாக வந்தது. மற்றொன்றில் தோளில் கொஞ்சம் சுருக்கம் நின்றுவிட்டது.

நன்றாக வந்த கவுனை அவர் மகள் 4 மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தோள் தோளிலேயே இருக்கிறது. காசைத் திருப்பி வாங்கிய வீட்டு அம்மா சென்ற வாரம் அவளை நிறுத்தி, "இது எந்தக் கடையில் வாங்கியது, கண்ணு?" என்று கேட்டாராம்!