சண்டையும் சிரிப்பும்



“‘ஸ்பை ஃபேமிலி’ பார்த்து முடித்துவிட்டேன், சாமி. அதைப் போல் வேறென்ன பார்க்கலாம்?” என்று வாலாஜாபாத்து மறைக்கல்வி மாணவன் ஒருவன் வினவினான்.

ஜப்பானியரான தட்சுயா எண்டோ 2019இல் தொடங்கிய சித்திரக்கதை அது. 2022இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. ஓர் ஒற்றன், கொலைத்தொழில் புரியும் மங்கை, பிறர் மனத்தை அறியவல்ல அநாதைச் சிறுமி ஆகிய மூவரும் குடும்பமாக நடிக்கின்றனர். நடிப்பே நாளடைவில் மெய்யன்பாகிறது. சண்டையினும் நம்மைக் கவர்வது அவ்வன்பே.

ஆதலின் 2016இல் வெளிவந்த ‘மாப் சைக்கோ 100’ தொடரைப் பரிந்துரைத்தேன். அளவற்ற மன ஆற்றல் வாய்ந்த மாணவன், அதனால் எவரையும் வருத்தலாகாதென்று தன்னை அடக்கிக்கொள்கிறான். உடற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, ஓட முடியாமல் மூச்சிரைக்க விழுகிறான். சிரிப்பும் வரும், சிந்தனையும் வரும். ஆயினும் கடுஞ்சண்டைகள் உள்ளமையால் பதின்மூன்று வயதுக்குப்பின் பார்ப்பதே நன்று.

‘செயின்சா மேன்’ தொடரிலும் நகைப்புண்டு. ஆயின் குருதி மிகுதி. அது வளர்ந்தோர்க்கே உரியது.

பெற்றோரே, முதல் அத்தியாயத்தையேனும் உடனமர்ந்து பாருங்கள். அடிபட்டவனைக் கண்டு சிரிக்கிறானா, அடிக்கத் தயங்குபவனோடு சேர்ந்து சிரிக்கிறானா என்று கவனியுங்கள். பிள்ளையின் உள்ளம் அங்கே புலப்படும்.