இரண்டு மின்தடைகள்

தமிழ்ப் பத்திரிகையில் 'மின்தடை' என்றால் கரண்ட் இல்லை என்று பொருள். தமிழ்ப் பாடநூலில் அதே சொல்லுக்கு, கம்பி மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு என்று பொருள். அதை ஓம் என்ற அலகால் அளக்கிறோம். மலையாளத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பாடநூலில் அது 'பிரதிரோதம்'. விளக்கு அணைந்தால் திருவனந்தபுரத்துக்காரர் 'கறண்டு போயி' என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தியைத் தேடுவார். மொழிபெயர்ப்பாளனுக்கு இது பழைய தலைவலி. ஆனால் 2024 கோடையில் இந்த இரண்டு மின்தடைகளும் ஒரே தெருவில் சந்தித்துக்கொண்டன.

அந்த மே மாதம் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. இரவு முழுவதும் ஏசிகள் ஓடின. டிரான்ஸ்ஃபார்மர்கள் பழுதாயின. பல வீடுகளில் மின்சாரம் இருந்தது, ஆனால் வோல்டேஜ் இல்லை.

இந்த நகரத்துக்கு 1929லேயே பவர் ஹவுஸ் வந்துவிட்டது. அதன் பெயர் இன்றும் ஒரு சாலைக்கு இருக்கிறது. ஆனாலும் குறைந்த வோல்டேஜ் கேரளத்தை விட்டபாடில்லை. அதற்கு ஒரு காரணம் ஊரின் அமைப்பு. தமிழகக் கிராமங்களைப் போல இங்கே வீடுகள் ஓரிடத்தில் நெருங்கி நிற்பதில்லை; தோப்புக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பி நெடுந்தூரம் போகவேண்டும். கம்பி நீண்டால் மின்தடை கூடும். இந்தக் குறையே ஒரு தொழிலையும் வளர்த்தது. திருவனந்தபுரத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்த கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி, 1977இல் கொச்சியில் வி-கார்டைத் தொடங்கியது ஸ்டெபிலைசர் செய்வதற்காகத்தான்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடியது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இது 1827இல் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஓம் எழுதி வைத்தது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன், அதாவது வாட்.

230 வோல்ட்டில் 1,000 வாட் கெட்டில் ஒன்று 4.35 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை சுமார் 53 ஓம். வோல்டேஜ் 180 ஆகிவிட்டால்? 180ஐ 53ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர், திறன் 612 வாட்தான். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. சூடு குறைந்ததோ ஐந்தில் இரண்டு பங்கு. தேநீர் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஸ்டெபிலைசர் மாட்டிய ஏசி இப்படி அடங்கிப் போவதில்லை. அதற்கு 1,000 வாட் வேண்டுமென்றால் வேண்டும். சில நுணுக்கங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 180 வோல்ட்டில் அது 5.6 ஆம்பியர் இழுக்கும். தெருக்கம்பியின் மின்தடை 1 ஓம் என்று கொள்வோம். முன்பு 19 வாட் கம்பியில் சூடாக வீணானது; இப்போது 31 வாட். வோல்டேஜ் இன்னும் சரியும். கெட்டில் விட்டுக்கொடுக்கிறது, ஏசி பிடுங்கிக்கொள்கிறது. நம் ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு எரிவதற்கான விலையைக் கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டுக்காரர் கொடுக்கிறார். அவரும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குகிறார். போட்டியில் கடைசியாகத் தோற்பது டிரான்ஸ்ஃபார்மர்.

நிஜமான தீர்வு வீட்டுக்குள் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் அருகில் வரவேண்டும், கம்பி தடிக்கவேண்டும். வோல்டேஜைப் பத்து மடங்காக்கினால் ஆம்பியர் பத்தில் ஒன்றாகும். கம்பியில் இழப்பு நூறில் ஒன்றாகும். தமிழகத்தின் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட்டைக் கொண்டுவர 2021இல் திறந்த பாதை 320 கிலோவோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குவது இந்தக் கணக்கை நம்பித்தான். மலையும் ஆறும் தாண்டி வந்த மின்சாரம் கடைசி அரை கிலோமீட்டரில் களைத்துப்போவதுதான் வேடிக்கை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பிளக்கில் செருகும் வோல்ட்மீட்டர் போதும், கம்பியைத் தொடவேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். கெட்டிலைப் போடும் முன் 215, போட்டபின் 209 என்று வையுங்கள். 209ஐ 53ஆல் வகுத்தால் 3.9 ஆம்பியர். குறைந்தது 6 வோல்ட். 6ஐ 3.9ஆல் வகுத்தால் வழியிலுள்ள மின்தடை 1.5 ஓம். 'வோல்டேஜ் இல்லை' என்று புகார் எழுதுவதைவிட இந்த எண்களை எழுதுவது மேல்.

இன்னொரு பெருக்கலும் பாக்கி இருக்கிறது. 6 வோல்ட், 3.9 ஆம்பியர்: 23 வாட். அது நீண்ட கம்பி முழுவதும் பரவினால் யாருக்கும் தெரியாது. பிளக்கிலோ மெயின் போர்டிலோ தளர்ந்த ஒரே இணைப்பில் சேர்ந்தால்? ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பக்கத்து வீட்டு விளக்கு அசையாமல் உங்கள் வீட்டு விளக்கு மட்டும் மங்கினால், உரிமம் பெற்ற வயர்மேனை அன்றே அழைத்துவிடுங்கள்.

ஒரு மின்தடையைக் கணக்குப் பார்க்காமல் விட்டால் மற்ற மின்தடை வந்தே தீரும். தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது அவ்வளவு பெரிய குழப்பமில்லை என்று இப்போது தோன்றுகிறது.