ரெண்டாவது மொழி யாருக்குக் கிடைச்சுது?

சூலூர்ப் பக்கம் எங்கள் அருந்ததியர் வளவுகள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தெலுங்குதான். அஞ்சு வயசுப் பிள்ளை பள்ளிக்கூடம் போன முதல் நாளே வேறொரு மொழிக்குள் விழுகிறது. அது தமிழ். அதுவும் புத்தகத் தமிழ். பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நடுவே தட்டுத்தடுமாறிக் கற்றும் விடுகிறது. இதை எந்த மொழி மாநாட்டிலும் யாரும் சாதனையாகச் சொன்னதில்லை. 'இதுகளுக்கு இங்கிலீசு ஏறாதுங்க' என்று மட்டும் சொல்கிறார்கள்.

ஏறாதா? ரெட்டமலை சீனிவாசன் படித்தது இதே கோயமுத்தூரில்தான். கூடப் படித்த சுமார் 400 பேரில் ஒரு பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள் என்று தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று யாரோடும் கூடாமல், மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போயிருக்கிறார். அப்படி ஒளிந்து கற்ற கல்வி அது. அவர்தான் 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தமிழில் நடத்தினார். இங்கிலீசு படிச்சா தமிழ் போயிரும் என்கிறவர்கள் இதைக் கவனிக்கணும். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் போய் உட்கார்ந்தார். இங்கே பண்ணாடிகள் காதில் ஏறாத வழக்கு அங்கே பதிவாயிற்று.

அம்பேத்கருக்கோ பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது. பாரசீகம்தான் கிடைத்தது. மொழியைப் பூட்டி வைப்பது சாதியின் பழைய வேலை.

இந்தித் திணிப்பை மறுத்த 1968ஆம் ஆண்டு இருமொழிக் கொள்கையை நானும் ஆதரிக்கிறேன். அந்த ரெண்டாவது மொழி யாருக்குக் கிடைச்சுது என்பதே என் கேள்வி. மேடையில் தமிழ் முழங்குகிற பலரின் பிள்ளைகள் கான்வென்டில். பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுப்பதும் அங்கேதான். அவங்களுக்கு மொழி வியாபாரம், நமக்கு மட்டும் பற்றா? 2012க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. நான் பார்த்த பள்ளிகளில் போர்டுதான் மாறியது.

பாடம் தமிழிலேயே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிக்கும் இங்கிலீசு பேசத் தெரிந்த தனி ஆசிரியர் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் அகராதியும் இங்கிலீசுப் பத்திரிகையும் வேண்டும். இதைப் போராட்டக் கோரிக்கையாக வைக்கணும். அதுவரை, கல்லூரிக்குப் போன தோழர்கள் சாயங்காலம் வளவுக்கு வாங்க. தெலுங்கு தெரிந்தவர்கள் தெலுங்கிலேயே சொல்லிக் கொடுங்க, பிள்ளைகளுக்குச் சீக்கிரம் புரியும்.