சத்தம் போடுற ஃபேன் குற்றவாளி இல்லை

போன மாதம் நைட் டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் இருந்து போன்.

"ராத்திரி தூக்கமே இல்லப்பா. ஒரு தூக்க மாத்திரை எழுதிக் குடேன்."

சித்திக்கு 61 வயது. பிரஷர், சுகர் ரெண்டும் உண்டு. மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி நேரில் பார்த்துடலாம்னு அன்னிக்கு ராத்திரி கிளம்பிப் போனேன்.

ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. ஹாலில் சித்தியின் கட்டில். அதில் இருந்து ஆறடி தூரத்தில் தம்பியின் கம்ப்யூட்டர். தம்பி கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் படுப்பான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தேன். கிராபிக்ஸ் கார்டு ஃபேன் "உய்ய்ங்"னு ஏறுது. அரை நிமிஷத்தில் அடங்குது. மறுபடியும் ஏறுது.

ஒரே சீரான சத்தத்துக்குக் காது பழகிவிடும். சீலிங் ஃபேன் சத்தத்தில் நாம் தூங்குகிறோமே! ஆனால் ஏறி இறங்கும் சத்தம் அப்படி இல்லை. ஒவ்வொரு ஏற்றமும் மூளையைத் தட்டி எழுப்பும். படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999ல் சொன்ன வழிகாட்டுதல்.

தூக்க மாத்திரை எழுதவில்லை. "அந்தச் சத்தத்தைக் குறைடா"ன்னு தம்பியிடம் சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில் தம்பி போன். "அண்ணே, ரெண்டர் பாதியில நின்னு கம்ப்யூட்டரே ஆஃப் ஆகிக் கிடக்கு. மதியம் டெலிவரி குடுக்கணும்."

என்னடா பண்ணினேன்னு கேட்டேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஃபேன் வேகத்தை 30 சதவீதத்தில் பூட்டியிருக்கிறான். அம்மா மேல் இருக்கும் பாசத்தில் செய்த காரியம். தப்பு என் மேலும் இருக்கு. நோய் இதுன்னு சொன்னேனே தவிர, வைத்தியத்தைச் சொல்லவில்லை.

இப்ப விஷயத்துக்கு வருவோம்.

ஒருவருக்கு நாடித்துடிப்பு 130னு வெச்சுக்குங்க. உடனே துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுக்க மாட்டோம். காய்ச்சலா, ரத்தப்போக்கா, நீர்ச்சத்துக் குறைவான்னுதான் முதலில் பார்ப்போம். உடம்பு சமாளிப்பதற்காக இதயம் வேகமாக ஓடுது. காரணத்தை விட்டுவிட்டு இதயத்தை மட்டும் அடக்கினால் ஆளுக்கே ஆபத்து.

கிராபிக்ஸ் கார்டு ஃபேனும் அதே மாதிரிதான். ஃபேன் வேகம் ஒரு அறிகுறி. நோய் சூடு.

தம்பியிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060. முழு வேலையில் 170 வாட் வரை இழுக்கும். ரெண்டு சீலிங் ஃபேன் இழுக்கும் கரண்டு அது. அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரணும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும், உண்மைதான். ஆனால் காற்றும் பாதியாகிவிடும். அப்போ சூடு எங்கே போகும்?

சூடு எல்லை தாண்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுக்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் அணைத்துவிடும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

அதனால் என் கருத்து இது. ஃபேன் வேகத்தில் கை வைப்பது கடைசி வைத்தியமாக இருக்கணும். முதல் வைத்தியமாக இருக்கக் கூடாது.

நாங்கள் செய்தது வரிசையாக:

1. காற்றுக்கு வழி. கேபினட் மேசை அறைக்குள் சுவரோடு ஒட்டி இருந்தது. வெளியே எடுத்து, பின்னாடி ஒரு சாண் இடம் விட்டோம்.

2. தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷும் ப்ளோவரும் வெச்சு சுத்தம் செய்தோம். ஊதும்போது ஃபேன் இறக்கை சுத்தாம விரலால் பிடிச்சுக்கணும்.

3. சூட்டின் உற்பத்தியையே குறைப்பது. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் என்று ஒன்று உண்டு. 100ஐ 75 ஆக்கினோம். ரெண்டர் நேரம் மணிக்குச் சில நிமிஷம்தான் கூடுச்சு. மொத்தத்தில் அதிகம் சத்தம் குறைத்தது இதுதான். ஆனால் யாரும் இதைத் தொடுவதே இல்லை.

4. இதுக்கு அப்புறம்தான் ஃபேன். ஒரே வேகத்தில் பூட்டாமல், சூட்டுக்கு ஏற்றபடி ஏறும் வளைகோடு போட்டோம். 40 டிகிரியில் 30 சதவீதம், 60ல் 45, 70ல் 60, 80ல் 85, அதுக்கு மேல் 100. அதே பக்கத்தில் ஹிஸ்டெரிசிஸ்னு ஒரு கட்டம் இருக்கும். அதில் 5 கொடுத்தோம். சூடு 5 டிகிரி இறங்கினால்தான் ஃபேன் வேகம் குறையும். அந்த "உய்ய்ங்" ஏற்ற இறக்கத்துக்கு மருந்து இதுதான்.

ஆஃப்டர்பர்னர் ஓடிக்கிட்டு இருந்தால்தான் இந்த வளைகோடு வேலை செய்யும். விண்டோஸ் ஆரம்பிக்கும்போதே அதுவும் ஆரம்பிக்கிற மாதிரி டிக் போட்டுடுங்க. ஃபேனைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் ரெண்டு ஒரே நேரத்தில் வேண்டாம், ரெண்டும் அடிச்சுக்கும். ஏஎம்டி கார்டு என்றால் அவர்களின் அட்ரினலின் மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கு. லேப்டாப் என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனி கொடுத்த மென்பொருளில்தான் மாற்ற முடியும்.

ஃபேனில் "கரகர"ன்னு உரசும் சத்தம் வந்தால் அது சூட்டுப் பிரச்சனை இல்லை. பேரிங் தேய்ந்திருக்கும். ஃபேனை மாற்றணும்.

இப்போ ராத்திரி ரெண்டரில் 84 டிகிரி தொட்ட கார்டு 70ஐ ஒட்டி நிற்கிறது. சத்தம் இருக்கு, ஆனால் சீலிங் ஃபேன் சத்தத்தில் கரைஞ்சுடுது.

போன வாரம் சித்தியைப் பார்த்தேன். "எந்த மாத்திரைப்பா குடுத்த, நல்லா தூங்குறேன்"னாங்க. மாத்திரையே கொடுக்கலை சித்தின்னு சொன்னால் நம்ப மாட்டேங்கிறாங்க.

உங்கள் வீட்டிலும் யாராவது தூக்கம் வரலைன்னு சொன்னால், மாத்திரை கேட்பதற்கு முன்னாடி ராத்திரி ஒரு மணிக்கு அந்த அறையில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்க. வாரக்கணக்கில் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்க.