தகுதி என்றால் என்ன? வெல்டரைக் கேளுங்கள்

இட ஒதுக்கீடு என்றதும் "அப்போ தகுதி?" என்று கேட்கிறார்கள். தகுதியை உண்மையாகவே அளக்கும் ஓர் இடத்தை நாம் காட்டுகிறோம், தோழர்களே. அது வெல்டிங் தேர்வு.

சோமனூர், கருமத்தம்பட்டி காலனிகளிலிருந்து தறிக்குப் போகாமல் ஐடிஐயில் வெல்டர் பிரிவில் சேரும் தம்பிகள் உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஓராண்டுப் படிப்பு. ஆனால் பாய்லர், பைப்லைன் வேலைக்குப் போனால் முதல் கேள்வி, "எந்த பொசிஷன்?"

தட்டைக் கிடத்தி மேலிருந்து பற்றவைத்தால் 1ஜி. நிறுத்திய தட்டில் குறுக்காகப் போனால் 2ஜி, மேல்நோக்கிப் போனால் 3ஜி, தலைக்கு மேலே என்றால் 4ஜி. 45 டிகிரி சாய்த்து, சுற்றாமல் பொருத்திய குழாய் 6ஜி. அதில் தேறினால் எல்லா பொசிஷனும் செல்லும்.

உலகம் முழுக்கப் பயன்படும் அமெரிக்க 'ஆஸ்மி' விதித்தொகுப்பின் 9ஆம் பிரிவு இதற்கு எல்லை வகுக்கிறது. 1ஜி தேறியவர் கிடந்த நிலையில் மட்டுமே செய்யலாம். 4ஜி தேறியவருக்கு 3ஜி தானாகக் கிடைக்காது. ஆர்க் தேர்வு டிக் வேலைக்குச் செல்லாது. 6ஜியே ஆனாலும், 73 மி.மீ.க்கு மேற்பட்ட குழாயில் தேறியவர் 73 மி.மீ.யைவிடச் சிறிய குழாயைத் தொட முடியாது. அந்த முறையில் ஆறு மாதம் பற்றவைக்கவில்லை என்றால் தகுதி காலாவதி.

இங்கே தகுதி என்பது எதை, எந்த நிலையில், எவ்வளவு கனத்தில் செய்து காட்டினாய் என்பது மட்டுமே. அப்பன் பெயரால் வராது, ஒருமுறை வாங்கி ஆயுள் முழுக்க அனுபவிக்கவும் முடியாது. பதினேழு வயதில் எழுதிய ஒரு தேர்வின் மதிப்பெண்ணைச் சாகும்வரை 'மெரிட்' என்று சுமப்பவர்கள் இந்த அளவுகோலுக்கு ஒப்புவார்களா?

ஆனால் தேர்வு நேர்மையானது என்பதால் வாய்ப்பும் நேர்மையாகிவிடாது. 4ஜி பழக நாள்கணக்கில் ராடும் தட்டும் எரிக்க வேண்டும். சொந்தக்காரர் பட்டறை இருப்பவனுக்கு அது கிடைக்கும். நம் பையன் கிரைண்டர் பிடித்துக்கொண்டும் இரும்பு தூக்கிக்கொண்டும் 'ஹெல்ப்பராக' நிற்பான். பிறகு "இவனுக்குத் தகுதி இல்லை" என்பார்கள். சாதி வேலை செய்வது இந்த இடத்தில்தான். தேர்வு மேசைக்கு வரும் முன்பே அது முடிந்துவிடுகிறது.

ஆகவே தாட்கோ போன்ற அரசு அமைப்புகளின் இலவசப் பயிற்சியில் சேரும்போது கேளுங்கள்: எந்த பொசிஷன் வரை பழக்குவீர்கள்? ஆளுக்கு எத்தனை தட்டு? குழாயில் பயிற்சி உண்டா? முடிவில் சான்றிதழ் மட்டுமா, சோதனைத் தட்டை வளைத்தோ எக்ஸ்ரே எடுத்தோ பார்ப்பீர்களா? வேலையில் சேர்ந்தபின் உங்கள் தகுதிப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி மாறினால் மறுபடி தேர்வு வரும், அது அவமானமில்லை. ஆனால் என்ன தேறினோம் என்ற தாள் நம் கையிலும் இருக்க வேண்டும்.

கிடந்த நிலையோடு நம்மை நிறுத்திவைக்கும் பயிற்சியை ஏற்க மாட்டோம். 6ஜி வரை பழக்கு என்பதே நம் கோரிக்கை.